ஒளியமைப்பில் தொடர்கல்வி: கட்டடக் கலைஞர்களுக்கான தொடக்க வழிகாட்டி

கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் ஒளியமைப்புக்குக் கிடைக்கும் இடம், பெரும்பாலும் கட்டடச் சேவைகள் என்னும் ஒரே பாடத்தின் சில வகுப்புகளோடு முடிந்துவிடுகிறது. நீர்க்குழாய், மின்தூக்கி, குளிரூட்டல் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியின் அளவு) அட்டவணையையும் மனப்பாடம் செய்துவிட்டுத் தொழிலுக்கு வருபவர், விளக்குகளைப் பற்றிய முடிவுகளை மின்பொறியாளரிடமோ விற்பனைப் பிரதிநிதியிடமோ ஒப்படைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி நேரம் சேர்க்க வேண்டிய கட்டாயம் வரும்போதுதான் பலர் முதன்முதலாக இந்தத் துறையின் பக்கம் திரும்புகிறார்கள். அப்படித் திரும்பும் ஒருவர் எதை முதலில் கற்பது, எதைத் தள்ளிவைப்பது, எந்த வகுப்பை நம்புவது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கற்றல் விளக்கிலிருந்து தொடங்காமல் ஒளி விழும் பரப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும், மென்பொருளுக்கு முன் லக்ஸ் மானி கைக்கு வர வேண்டும் என்பதும் இங்கே பரிந்துரைக்கப்படும் வரிசைக்கு அடிப்படை.

முதலில் நேரக் கணக்கு

உங்கள் பதிவு அமைப்பு ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் கேட்கிறது, எவ்வகை வகுப்புகளை ஏற்கிறது என்பதை எழுத்து வடிவில் பார்த்துவிடுங்கள். அமைப்புக்கு அமைப்பு இது வேறுபடும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் தன் உறுப்பினர்களிடம் ஆண்டுக்கு 18 கற்றல் அலகுகளைக் கேட்கிறது. அவற்றுள் 12 மக்களின் உடல்நலம், பாதுகாப்பு, பொதுநலம் சார்ந்தவையாக இருக்க வேண்டும். பிரிட்டனின் கட்டடக் கலைஞர் கழகமான ரிபா ஆண்டுக்கு 35 மணி நேரம் கேட்கிறது. கண்கூச்சம், அவசரகால வெளிச்சம், முதியோருக்கான பார்வை வசதி போன்ற ஒளியமைப்புத் தலைப்புகள் உடல்நலம், பாதுகாப்பு என்னும் பிரிவுக்குள் எளிதாகப் பொருந்துபவை என்பதால், கட்டாய நேரத்தையே இத்துறைக்குப் பயன்படுத்திக்கொள்ள இடமிருக்கிறது. ஆண்டு முழுவதும் பத்துத் தலைப்புகளில் ஒவ்வொரு மணி நேரம் சிதறுவதைவிட, ஓராண்டின் நேரத்தில் பெரும்பகுதியை ஒரே துறையில் செலவிடுவதே கைத்திறனாக மாறும்.

கண்ணைப் பழக்குதல்

வகுப்பில் சேர்வதற்கு முன் ஒரு லக்ஸ் மானியை வாங்கிக்கொள்ளுங்கள். கைபேசிச் செயலிகள் இதற்கு ஈடாகா. சாய்வாக வந்து விழும் ஒளியைச் சரியாகக் கணக்கிடும்படி கைபேசியின் உணரி அமைக்கப்படவில்லை. ஒரே மேசையில் இரண்டு கைபேசிகள் இருவேறு எண்களைக் காட்டுவதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். வெண்ணிறக் குமிழ் உணரியும் சாய்கோணத் திருத்தமும் கொண்ட ஒரு சாதாரண மானி போதுமானது.

பயிற்சி எளியது, ஆனால் தவறாமல் செய்யப்பட வேண்டியது. நீங்கள் அன்றாடம் நுழையும் அறைகளில், மானியை இயக்குவதற்கு முன் இங்கே எத்தனை லக்ஸ் இருக்கும் என்று ஊகித்து எழுதிவிட்டுப் பிறகு அளந்து பாருங்கள். மேசைமட்டத்தில் ஓர் அளவு, சுவரில் கண்மட்டத்தில் ஓர் அளவு, உட்கார்ந்திருப்பவரின் முகம் இருக்கும் உயரத்தில் மானியைச் செங்குத்தாகப் பிடித்து ஓர் அளவு என மூன்றையும் எடுக்க வேண்டும். நேர் வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸும், மேகம் மூடிய பகலில் 10,000 லக்ஸை ஒட்டியும், நன்கு ஒளியூட்டிய அலுவலக மேசையில் 500 லக்ஸும், முழுநிலவில் ஒரு லக்ஸுக்கும் குறைவாகவும் இருக்கும். இத்தனை அகன்ற வீச்சுக்கும் கண் தன்னைத் தகவமைத்துக்கொள்வதால், தனித்த அளவைச் சொல்வதில் அது மிக மோசமான கருவி. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு பரப்புகளில் எது வெளிச்சமானது என்று சொல்வதிலோ மிகக் கூர்மையானது. ஒளியமைப்பாளர்கள் லக்ஸ் எண்களைவிட விகிதங்களைப் பற்றி அதிகம் பேசுவதன் காரணம் இதுவே. சுற்றுப்புறத்தைவிட மூன்று மடங்கு வெளிச்சமுள்ள ஒரு பரப்பு கண்ணில் படும். பத்து மடங்கு என்றால் அது அறையையே ஆட்கொள்ளும் என்பது நடைமுறையில் கையாளப்படும் தோராயமான வழிகாட்டல்.

மங்கலாக்கும்போதும் கண்ணின் இந்த இயல்பு வெளிப்படும். ஒரு விளக்கின் அளவிடப்பட்ட ஒளியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும், கண்ணுக்கு அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமாகவே தோன்றும். ஆகவே, உண்மையிலேயே மங்கலான சூழல் வேண்டும் உணவகத்துக்கோ அரங்குக்கோ, பத்து விழுக்காடு வரை மட்டுமே குறையும் விளக்கைத் தேர்ந்தெடுத்தால் அது பயன்படாது. ஒரு விழுக்காடு அல்லது அதற்கும் கீழே சீராக இறங்கும் மின்னியக்கி (விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் கருவி) தேவைப்படும்.

மூன்று அளவுகளையும் சில வாரங்கள் குறித்துவந்தால், 500 லக்ஸ் மேசையைக் கொண்ட ஓர் அறை இருண்டதாகவும், 300 லக்ஸ் மட்டுமே உள்ள மற்றோர் அறை வெளிச்சமாகவும் தோன்றுவதைக் காண்பீர்கள். சுவர்களும் உட்கூரையுமே அதற்குக் காரணம். லக்ஸ் என்பது பரப்பின்மேல் வந்து விழும் ஒளி. கண் காண்பது பரப்பிலிருந்து திரும்பி வரும் ஒளியை. மங்கிய மேற்பூச்சுள்ள ஒரு சுவரின்மேல் விழும் லக்ஸை அதன் எதிரொளிப்பு விகிதத்தால் பெருக்கி, பை (π, ஏறத்தாழ 3.14) என்னும் எண்ணால் வகுத்தால், சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று அதன் ஒளிர்வு கிடைக்கும். 300 லக்ஸ் விழும் வெள்ளைச் சுவரின் எதிரொளிப்பு 0.7 என்றால் ஒளிர்வு ஏறத்தாழ 67. அதே 300 லக்ஸ், எதிரொளிப்பு 0.2 உள்ள அடர்நிறச் சுவரில் விழுந்தால் வெறும் 19. விளக்கு மாறவில்லை, மின்செலவு மாறவில்லை, அறை மாறிவிட்டது. பூச்சையும் மரப்பலகையையும் கல்லையும் தேர்ந்தெடுப்பவர் கட்டடக் கலைஞர் என்பதால், ஒளியமைப்பின் பாதி ஏற்கெனவே அவர் கையில்தான் இருக்கிறது. தொழில் தரங்களும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டன: பணியிட ஒளிக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 12464-1-இன் 2021-ஆம் ஆண்டுப் பதிப்பு, அலுவலக மேசைக்கு 500 லக்ஸ் என்று சொல்வதோடு நில்லாமல், சுவர்களுக்கும் உட்கூரைக்கும் தனித்தனியே குறைந்தபட்ச அளவுகளை வகுத்திருக்கிறது.

வயதையும் இந்தக் கட்டத்திலேயே கருத்தில் கொள்ளத் தொடங்குவது நல்லது. அறுபது வயதானவரின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதானவரை எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அலுவலகத்தின் இளைய வரைவாளருக்குப் போதுமானதாகத் தெரியும் வெளிச்சத்தில், அங்கு வரும் முதிய வாடிக்கையாளர் படிவத்தைப் படிக்கத் திணறுவார்; அவருக்குக் கண்கூச்சமும் அதிகம் என்பதால் விளக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டும் தீர்வாகாது.

நான்கு அளவைகளும் ஒரு கைக்கணக்கும்

கண் ஓரளவு பழகிய பின் அடிப்படை அளவைகளைக் கற்பது எளிது. விளக்கு எல்லாத் திசைகளிலும் வெளியிடும் மொத்த ஒளி லூமென். ஒரு குறிப்பிட்ட திசையில் அது எவ்வளவு செறிவாகச் செல்கிறது என்பது கேண்டெலா. ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் லூமென்களின் எண்ணிக்கை லக்ஸ். பரப்பிலிருந்து கண்ணை நோக்கி வருவது மேலே சொன்ன ஒளிர்வு. பெட்டியின்மேல் அச்சிடப்படும் லூமென் எண்ணை மட்டும் பார்த்துக் குவிவிளக்கை வாங்குவது புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு. குவிவிளக்குக்கு வேண்டியது கேண்டெலா எண்ணும் கற்றைக் கோணமும் ஆகும். கேண்டெலாவைத் தொலைவின் இருமடியால் வகுத்தால் லக்ஸ் வரும்: 2,000 கேண்டெலா கொண்ட விளக்கு, இரண்டு மீட்டர் தொலைவில் நேராக எதிரே உள்ள பரப்பில் 500 லக்ஸ் தரும், நான்கு மீட்டரில் 125 மட்டுமே தரும். 24 பாகைக் கற்றை இரண்டு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒளிவட்டத்தை உருவாக்கும். இந்த இரண்டு கணக்குகளையும் மனத்தில் செய்யக் கற்றுக்கொண்டவர், விற்பனை அட்டவணையைப் பார்த்த உடனேயே பொருந்தாத விளக்குகளை ஒதுக்கிவிடுவார்.

பொது வெளிச்சத்துக்கு ஒரு பழைய கைக்கணக்கு இன்றும் பயன்படுகிறது. ஆறு மீட்டர் அகலமும் பத்து மீட்டர் நீளமும் உள்ள அறைக்கு 500 லக்ஸ் வேண்டும் என்று கொள்வோம். வேண்டிய லக்ஸையும் 60 சதுர மீட்டரையும் பெருக்கினால் 30,000. ஒவ்வொரு விளக்கும் 4,000 லூமென் தருகிறது. அதில் பரப்பைச் சென்றடையும் பங்கு 0.65 என்றும், தூசும் முதுமையும் குறைத்த பின் எஞ்சுவது 0.8 என்றும் எடுத்துக்கொண்டால், ஒரு விளக்கின் பயன் 2,080 லூமென். வகுத்தால் 14.4, ஆகவே மூன்று வரிசையில் ஐந்தைந்தாக 15 விளக்குகள். சரியான வடிவமைப்பை இந்தக் கணக்கு தந்துவிடாது. ஆனால் மென்பொருள் 40 விளக்குகள் வேண்டும் என்றோ ஆறே போதும் என்றோ சொல்லும்போது, எங்கோ உள்ளீட்டில் பிழை இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

பராமரிப்புக் காரணியான அந்த 0.8 பல வகுப்புகளில் விளக்கமின்றிக் கடந்துபோகும். முதல் நாள் 625 லக்ஸ் இருந்தால்தான் சில ஆண்டுகள் கழித்தும் 500 இருக்கும் என்பது அதன் பொருள். அதே காரணத்தால், கட்டடம் கைமாறும் நாளில் அளந்து, தேவைக்கு மேல் இருக்கிறது என்று விளக்குகளைக் குறைக்கச் சொல்லும் வாடிக்கையாளருக்கும் நீங்கள் விடை சொல்ல முடியும்.

பகலொளி

பகலொளியையும் மின்னொளியையும் தனித்தனித் துறைகளாகக் கற்பிப்பது பாடத்திட்ட வசதிக்காகவே. கட்டடத்தில் இரண்டும் ஒரே பரப்பின்மேல் விழுகின்றன. சாளரத்தின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் வரையே பயனுள்ள பகலொளி அறைக்குள் செல்லும் என்பது பழகிவந்த வரையறை. சாளரத்தை அகலப்படுத்துவதைவிட உயர்த்துவதே அறையின் ஆழத்தில் உள்ள மேசைக்கு உதவும் என்பது அதிலிருந்து பெறப்படும்.

பகலொளிக் காரணி என்னும் பழைய அளவை முதலில் கற்க வேண்டும்: மேகம் மூடிய வானத்தின்கீழ், அறைக்குள் உள்ள ஒளி வெளியே உள்ளதில் எத்தனை விழுக்காடு என்பதே அது. வெளியே 10,000 லக்ஸ் இருக்கும்போது இரண்டு விழுக்காடு என்றால் உள்ளே 200 லக்ஸ். அதன் குறை, திசை என்பதையே அது அறியாது என்பதுதான். வடக்கு நோக்கிய சாளரமும் தெற்கு நோக்கியதும் ஒரே விடையைத் தரும். வெயில் மிகுந்த இடங்களில் இது பெரிய குறை. ஆகவே, ஆண்டின் ஒவ்வொரு மணிக்குமான வானிலைத் தரவை வைத்துக் கணிக்கும் அளவைகளுக்கு அடுத்ததாகச் செல்ல வேண்டும். அமெரிக்க ஒளிப்பொறியியல் கழகம் 2012-இல் எல்.எம்.-83 என்ற ஆவணத்தில் வகுத்த இரண்டு அளவைகளும் ஒன்றையொன்று சரிபார்ப்பவை: ஆண்டின் பயன்பாட்டு நேரத்தில் பாதிக்கு மேல் பகலொளியாலேயே 300 லக்ஸ் பெறும் தரைப்பரப்பு எவ்வளவு என்பது ஒன்று, நேரடிச் சூரியவொளி 1,000 லக்ஸைத் தாண்டி ஆண்டுக்கு 250 மணி நேரத்துக்கு மேல் விழும் பரப்பு எவ்வளவு என்பது மற்றொன்று. முதலாவதை உயர்த்த எல்லாச் சுவரையும் கண்ணாடியாக்கினால், இரண்டாவது அதைக் கண்டித்துவிடும். ஐரோப்பாவின் இ.என். 17037 தரம் 2018-இல் வந்தது. அதுவும் பரப்பில் பாதிக்கு, பகல் நேரத்தில் பாதிக்கு, 300 லக்ஸ் என்பதையே அடிப்படை இலக்காக வைக்கிறது.

மென்பொருளைத் திறப்பதற்கு முன், ஒருமுறையாவது அட்டையில் மாதிரி செய்து வெளியே எடுத்துச்சென்று பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துவேன். காற்றோட்டத்தையும் வெப்பத்தையும் சிறிய மாதிரியில் அப்படியே அளக்க முடியாது, ஒளியை முடியும். உள்பரப்புகளின் எதிரொளிப்பு உண்மையானவற்றோடு ஒத்திருந்தால், இருபதில் ஒரு பங்கு அளவுள்ள அட்டை மாதிரிக்குள் ஒளி பரவும் விகிதம் முழு அறையில் பரவுவதைப் போலவே இருக்கும். ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளக்கூடிய இந்தப் பாடத்துக்கு ஈடான விரிவுரையை நான் கேட்டதில்லை.

நிறமும் ஒளிமூலத்தின் தரமும்

எல்.இ.டி. வந்த பிறகு விளக்கின் தரவுத்தாளைப் படிப்பதே ஒரு தனித் திறனாகிவிட்டது. நிறவெப்பநிலை எல்லோருக்கும் தெரியும்: 2,700 கெல்வின் இதமான மஞ்சள் சாயல், 4,000 நடுநிலை வெண்மை, 6,500 நீலச்சாயல். பொருட்களின் நிறம் எவ்வளவு இயல்பாகத் தெரிகிறது என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண், எட்டு மங்கிய நிறமாதிரிகளின் சராசரி மட்டுமே. அந்த எட்டில் அடர்சிவப்பு இல்லை. ஆகவே 80 என்று குறிக்கப்பட்ட விளக்கின்கீழ் தோலின் நிறமும் மரத்தின் செம்மையும் சோபையிழந்து தெரியக்கூடும். ஆர்-9 என்று தனியே தரப்படும் அடர்சிவப்பு எண்ணைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். 2015-இல் வந்த டி.எம்.-30 முறை 99 நிறமாதிரிகளைப் பயன்படுத்துகிறது. நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரிகிறது, எவ்வளவு செழிப்பாகத் தெரிகிறது என்று இரு எண்களாகப் பிரித்துத் தருவதால், துணிக்கடைக்கும் மருத்துவமனைக்கும் வெவ்வேறு முடிவு எடுக்க உதவும்.

ஆயுட்காலத்தைப் பற்றிய எண்களை ஐயத்தோடு அணுகுங்கள். 50,000 மணி நேரம் என்பது விளக்கு அணையும் நேரமல்ல. அதன் ஒளி தொடக்கத்தில் இருந்ததில் 70 விழுக்காடாகக் குறையும் நேரம். எல்.இ.டி. சில்லுகளைச் சோதித்துப் பெற்ற தரவிலிருந்து எதிர்காலத்தைக் கணிக்கும் டி.எம்.-21 முறை, போதிய மாதிரிகளைச் சோதித்திருந்தாலும், சோதனை நடந்த காலத்தின் ஆறு மடங்குக்கு மேல் கணித்துச் சொல்ல அனுமதிப்பதில்லை. 6,000 மணி நேரம் மட்டுமே சோதித்துவிட்டு 1,00,000 மணி நேரம் என்று விளம்பரம் செய்பவரிடம் எந்த அடிப்படையில் என்று கேட்கலாம். மின்னியக்கி பெரும்பாலும் சில்லுக்கு முன்பே பழுதாகும் என்பதையும், அதை மாற்ற உட்கூரையில் வழி இருக்கிறதா என்பதையும் வரைபடக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

உடல்நலம் சார்ந்த ஒளி என்னும் தலைப்பில் இப்போது வகுப்புகள் பெருகிவிட்டன. அறிவியல் உறுதியானது: நம் உடற்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் ஒளியுணர் நரம்பணுக்கள் விழித்திரையில் இருப்பது 2002-இல் நிறுவப்பட்டது, 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு அவை மிகுதியாக வினையாற்றுகின்றன, சர்வதேச ஒளியூட்டல் ஆணையமான சி.ஐ.இ. 2018-இல் இதை அளப்பதற்கான எஸ் 026 தரத்தை வெளியிட்டது. ஆனால் அந்த அளவை கண்மட்டத்தில் செங்குத்தாக எடுக்கப்படுவது. மேசை லக்ஸைக் காட்டி உடல்நல ஒளி என்று விற்கும் வகுப்பைத் தவிர்க்கலாம். பகலில் கண்ணுக்கு அதிக ஒளியும் இரவில் மிகக் குறைந்த ஒளியும் வேண்டும் என்பதே இதன் நடைமுறைச் சாரம். மேசையைச் சாளரத்தின் அருகே நகர்த்துவது பல சமயங்களில் விலையுயர்ந்த நிறம்மாறும் விளக்கைவிட நன்றாக வேலை செய்யும்.

அடுக்குகளாக வரைதல்

இதுவரை கற்றவை அளப்பதற்கும் தேர்ந்தெடுப்பதற்கும் உரியவை. வடிவமைப்பு இங்கேதான் தொடங்குகிறது. ஒளியமைப்பைத் தனித் தொழிலாக நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவரான ரிச்சர்ட் கெல்லி, யேல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்றவர். அவர் 1950-களின் தொடக்கத்தில் ஒளியை மூன்றாகப் பகுத்தார்: கண்ணை ஓரிடத்துக்கு அழைக்கும் குவியொளி, இடம் முழுவதையும் நிரப்பும் பரவொளி, மினுக்கமாக மகிழ்ச்சி தரும் சுடரொளி. எந்தத் திட்டத்தையும் இந்த மூன்று கேள்விகளோடு அணுகலாம். எங்கே பார்க்க வேண்டும், எங்கே நடமாட வேண்டும், எங்கே மினுக்கம் வேண்டும் என்பதற்கு விடை எழுதிய பிறகே விளக்கின் பெயரைத் தேட வேண்டும். கெல்லி பங்காற்றிய கட்டடங்களுள் 1958-இல் முடிந்த நியூயார்க்கின் சீகிராம் கட்டடமும், கட்டடக் கலைஞர் லூயி கானோடு சேர்ந்து உருவாக்கி 1972-இல் திறக்கப்பட்ட டெக்சாஸின் கிம்பெல் கலை அருங்காட்சியகமும் வெட்டுத்தோற்ற வரைபடத்தோடு வைத்துக் கற்கத்தக்கவை. கிம்பெலில் வளைகூரையின் உச்சியில் உள்ள நீண்ட பிளவின் வழியே வரும் சூரியவொளி, அதன் கீழே தொங்கும் துளையிட்ட அலுமினியத் தகடுகளில் பட்டுத் திரும்பி, கான்கிரீட்டின் உள்வளைவை ஒளிரச் செய்கிறது. ஓவியத்தின்மேல் நேர்வெயில் விழுவதில்லை. ஒளி எந்தப் பரப்பைச் சென்றடைய வேண்டும் என்று முதலில் முடிவெடுத்து, அதற்கேற்பக் கூரையின் வடிவத்தைச் செதுக்கியிருப்பது வெட்டுத்தோற்றத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

ஆகவே பயிற்சித் திட்டம் எதுவாயினும் வெட்டுத்தோற்றத்தில் வரையுங்கள். உட்கூரை வரைபடத்தில் விளக்குகள் வெறும் வட்டங்கள். வெட்டுத்தோற்றத்தில்தான் கற்றை எங்கே விழுகிறது, நிற்பவரின் கண்ணில் எந்தக் கோணத்தில் கூசுகிறது, விட்டத்தின் நிழல் எங்கே விழுகிறது என்பன வெளிப்படும். அடர்நிறத் தாளில் வெள்ளை வண்ணக்கோலால் வெளிச்சத்தை மட்டும் தீட்டிப் பார்ப்பது ஒளியமைப்பு அலுவலகங்களில் இன்றும் வழக்கத்தில் உள்ள எளிய முறை.

மென்பொருள், அதன் பிறகு

டயலக்ஸ், ரீலக்ஸ் இரண்டும் உள்ளரங்க மின்னொளிக்குப் பரவலாகப் பயன்படுபவை. ஒன்றைக் கற்றால் போதும். லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கிரெக் வார்டு உருவாக்கிய ரேடியன்ஸ், ஆண்டு முழுவதுக்குமான பகலொளிக் கணிப்புகளுக்குப் பின்னால் இயங்கும் பொறிகளுள் நெடுங்காலமாக மதிக்கப்படுவது. முப்பரிமாண மாதிரி வரையும் மென்பொருளின் கூடுதல் கருவிகள் வழியாகவும் அதை அணுகலாம். எந்த மென்பொருளானாலும், விளக்கின் ஒளிப்பரவலைச் சொல்லும் ஐ.இ.எஸ். அல்லது எல்.டி.டி. கோப்பு சரியானதா, சுவர்களின் எதிரொளிப்பை இயல்புநிலையில் விட்டுவிட்டோமா, பராமரிப்புக் காரணி என்ன என்னும் மூன்றையும் சரிபார்க்காத அறிக்கைக்கு மதிப்பில்லை. உட்கூரை 0.7, சுவர் 0.5, தரை 0.2 என்று மென்பொருள்கள் தாமாக எடுத்துக்கொள்ளும் அளவு, உங்கள் செங்கல் சுவருக்கும் கருங்கல் தரைக்கும் பொருந்தாது. அழகான வண்ணப்படத்தை விட்டுவிட்டுப் ஒளிர்வின் அளவுகளை வெவ்வேறு நிறங்களால் காட்டும் போலிநிறப் படத்தைப் பார்க்கப் பழகுங்கள்.

கட்டுப்பாடும் ஆவணமும் களமும்

இந்தப் பகுதியில்தான் நல்ல வடிவமைப்புகள் பல கெட்டுப்போகின்றன. வகுப்புகளோ இதை மிகக் குறைவாகத் தொடுகின்றன. சாதாரண மங்கலாக்கி எல்லா எல்.இ.டி. மின்னியக்கியோடும் ஒத்துப்போவதில்லை, துடிப்பதும் ரீங்காரமிடுவதும் அந்தப் பொருத்தமின்மையின் அறிகுறிகள். டாலி என்னும் கட்டுப்பாட்டு முறையில் ஒரு கம்பியிணையில் 64 சாதனங்கள், 16 குழுக்கள், 16 காட்சிகள் (முன்கூட்டியே சேமித்துவைத்த ஒளி அமைப்புகள்) வரை அமைக்கலாம் என்ற அளவாவது தெரிந்திருந்தால் மின்பொறியாளரோடு பேச முடியும். எந்தக் காட்சி எந்த நேரத்துக்கு, யார் எந்தப் பொத்தானை அழுத்துவார் என்பதைச் சாதாரண நடையில் ஒரு பக்கத்துக்கு எழுதித் தருவது, பத்து வரைபடங்களைவிடத் தெளிவானது.

விவரக்குறிப்பில் விளக்கின் பெயரோடு கேண்டெலா, கற்றைக் கோணம், சி.ஆர்.ஐ., ஆர்-9, நிறவேறுபாட்டு வரம்பு (ஒரே வகை விளக்குகளுக்கிடையே நிறம் எவ்வளவு மாறலாம் என்பது), கண்கூச்ச எண், மங்கலாக்கும் அடிமட்டம் ஆகியவற்றையும் எழுதிவிட வேண்டும். அப்போதுதான் ஒப்பந்தக்காரர் நிகரானது என்று வேறொன்றைக் கொண்டுவரும்போது வாட் எண்ணை வைத்து வாதாட நேராது. ஒளிக்கோப்பைக் கேட்டு மீண்டும் கணித்துப் பார்த்து ஏற்கலாம், மறுக்கலாம். முக்கியமான சுவருக்கோ மாடத்துக்கோ ஓர் உண்மை அளவு மாதிரியைக் களத்தில் அமைத்துப் பார்க்க வாடிக்கையாளரிடம் தொடக்கத்திலேயே ஒப்புதல் பெறுங்கள். இறுதியில் ஒரு மாலையை விளக்குகளைக் குறிவைத்துத் திருப்புவதற்கென்றே ஒதுக்க வேண்டும். திருப்பப்படாத குவிவிளக்குகள், எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாலும், தரையைத்தான் ஒளிரச் செய்யும்.

வகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

விளக்கு உற்பத்தியாளர்கள் நடத்தும் இலவச விரிவுரைகளை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. ஒளிவில்லைகளையும் மின்னியக்கிகளையும் கையில் எடுத்துப் பார்க்க அவற்றைவிட நல்ல இடமில்லை. ஆனால் அடிப்படைகளைக் கற்ற பிறகே அங்கே போக வேண்டும்; விடை தெரிந்தவர்தான் நல்ல கேள்வி கேட்பார். எந்த வகுப்பானாலும் கற்பிப்பவர் எதை விற்கிறார், கணக்குப் பயிற்சியோ களப்பயிற்சியோ உண்டா, முடிவில் தேர்வு உண்டா, சொல்லப்படும் தரங்களின் பதிப்பாண்டு என்ன என்று கேளுங்கள். 1906-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க ஒளிப்பொறியியல் கழகமும், 1913-இல் நிறுவப்பட்ட சி.ஐ.இ.யும், ஒளியமைப்பாளர்களின் சர்வதேசச் சங்கமான ஐ.ஏ.எல்.டி.யும் பாடங்களையும் மாநாடுகளையும் நடத்துகின்றன.

இன்னும் ஆழமாகச் செல்ல விரும்புபவருக்கு, லண்டன் யு.சி.எல். பல்கலைக்கழகத்தின் பார்ட்லெட் பள்ளி, ஸ்டாக்ஹோமின் கே.டி.எச்., ஜெர்மனியின் விஸ்மார் பல்கலைக்கழகம், நியூயார்க்கின் பார்சன்ஸ் பள்ளி ஆகியவை முதுநிலைப் படிப்புகளை வழங்கிவந்துள்ளன. எல்.சி. என்னும் சான்றிதழ் தேர்வெழுதிப் பெறுவது, சி.எல்.டி. என்னும் சான்றிதழ், கட்டி முடித்த பணிகளை ஆவணங்களோடு சமர்ப்பித்துப் பெறுவது. கட்டடக் கலைஞராகவே தொடர நினைப்பவருக்கு இரண்டும் கட்டாயமல்ல. தனி ஒளியமைப்பாளரோடு இணைந்து பணியாற்றும் அளவுக்கு மொழி தெரிந்தால் போதும். மேசையில் உள்ள ஒரு திட்டத்தைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொரு வகுப்பிலும் கற்றதை அந்த வாரமே அதில் செய்துபார்ப்பவருக்கு ஒரே ஆண்டில் கிடைக்கும் தேர்ச்சி கணிசமானது.

சான்றிதழ்களைக் கோப்பில் சேர்க்கும்போது, ஒவ்வொன்றின் பின்னும் அந்த வகுப்பு உங்கள் வரைபடத்திலோ விவரக்குறிப்பிலோ மாற்றிய ஒன்றை இரண்டு வரிகளில் எழுதிவையுங்கள்; கேட்ட நேரத்துக்கான சான்றை மட்டுமன்றி, கற்றதைப் பற்றிய குறிப்பையும் சில அமைப்புகள் கேட்கின்றன. கட்டடம் பயன்பாட்டுக்கு வந்து ஓராண்டு ஆனதும் அதே மூன்று அளவுகளை அங்கே மீண்டும் எடுத்து, கணிப்பு எண்களுக்கு அருகில் குறித்து, பயன்படுத்துவோர் எந்தெந்தக் காட்சிகளை அணைத்தே வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதினால், அடுத்த ஆண்டு எந்தத் தலைப்பில் சேர வேண்டும் என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம்.